எல்லை தாண்டி வரும் காலநிலை இடர்: ஒரு வரிக்கு மேல் எழுத முடியுமா?

கரைமேடு
2025 செப்டம்பர் 6, காலை 8.40

நாடுகளின் தகவமைப்புத் திட்டங்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உள்நாட்டு வெள்ளம், வறட்சி, வெப்ப அலை எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக அட்டவணை. எல்லை தாண்டி வரும் இடர் என்றதும் ஒரே வரி: “அண்டை நாடுகளுடனான ஒத்துழைப்பு வலுப்படுத்தப்படும்.” அதற்கு மேல் எழுத முடியாது என்பதுதான் என் கட்சி. அதிகாரம் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. மேலே இருப்பவன் மதகைத் திறந்தால் கீழே இருப்பவன் நனைய வேண்டியதுதான். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்கோல்
செப்டம்பர் 6, காலை 11.05

மறுக்கிறேன். “வலுப்படுத்தப்படும்” என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த வினையிலேயே ஆள் இல்லை. அந்த வரியைத் தூக்கிவிட்டு இதை எழுதலாம்: எந்த நிலையத்தின் நீர்மட்டம், எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த அலகில், எந்தப் பூஜ்ய மட்டத்திலிருந்து, எந்த நாட்டு நேரத்தில், எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு. அதிகாலை 2 மணிக்கு அந்த மேசையில் ஆள் இருப்பாரா? இணையம் அறுந்தால் அடுத்த வழி எது? இரண்டு அரசுகளும் முகம் கொடுத்துப் பேசாத மாதத்தில் இதில் எது நிற்கும், எது ஓடும்?

பிரம்மபுத்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனா இந்தியாவுக்கு மழைக்கால நீர்மட்டத் தகவல் தருவதற்கான புரிந்துணர்வு 2002-இல் வந்தது. நுகேஷா, யாங்குன், நுக்ஸியா என மூன்று நிலையங்கள். பின்னாளில் மே 15 முதல் அக்டோபர் 15 வரை என்று காலம் வகுத்தார்கள். ஆற்றுக்கு நாள்காட்டி தெரியாதே என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். 2018 புதுப்பிப்பில், பருவத்துக்கு வெளியேயும் மட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தகவல் வரும் என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் அதில் உருப்படியானது என்பேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2017-இல், டோக்லாமில் இந்திய–சீன எல்லைத் தகராறு நடந்த அந்தப் பருவம் முழுவதும் தகவலே வரவில்லை. 2023-இல் ஒப்பந்தக் காலமும் முடிந்துபோனது.

ஆக, இடர்ப் பட்டியலில் எழுத வேண்டியது “ஒப்பந்தம் உண்டு” என்பதல்ல. “தகவல் நின்றால் நம்மிடம் என்ன மிச்சம்?” செயற்கைக்கோள் மழைக் கணிப்பு, எல்லைக்கு இந்தப் பக்கம் முதல் நிலையம், அங்கிருந்து முதல் ஊருக்குத் தண்ணீர் வந்துசேர எத்தனை மணி. அந்த மணிக்கணக்குதான் உங்கள் உண்மையான முன்னவகாசம். மேலிருந்து வரும் தகவல் அதற்கு மேல் போனஸ்.

மட்டக்கோல்
செப்டம்பர் 6, இரவு 10.20

மேலே ‘பூஜ்ய மட்டம்’, அதாவது உயரத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதை, ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். அதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்.

லாஃபன்பர்க்கில் ரைன் நதியின் குறுக்கே ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஆளுக்கொரு கரையிலிருந்து பாலம் கட்டினார்கள். ஒருவர் கடல்மட்டம் ஆம்ஸ்டர்டாமை வைத்து, மற்றவர் கடல்மட்டம் மார்செய்யை வைத்து. வித்தியாசம் 27 சென்டிமீட்டர். இது யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கணக்கில் சேர்த்தார்கள். குறி மட்டும் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். 2003-இல் பார்த்தால் இடைவெளி 54 சென்டிமீட்டர்.

பாலமாவது நின்று நிதானமாகக் கட்டுவது. வெள்ளச் செய்தி நள்ளிரவில் வருவது. வங்கதேசத்தில் நீர்மட்டத்தை பிடபிள்யூடி மட்டத்திலிருந்து, அதாவது பொதுப்பணித் துறையின் பூஜ்யத்திலிருந்து, சொல்வார்கள். அது சராசரிக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் கீழே. ஒரே தண்ணீர், ஒரு கணக்கில் 12.00 மீட்டர், இன்னொன்றில் 12.46. சமவெளியில் கரைக்கும் அபாயக் குறிக்கும் இடையே இருப்பதே சில சமயம் அவ்வளவுதான்.

அலகும் அப்படியே. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. “ஓட்டம் 4000” என்று வெறும் எண்ணாக வந்தால் அது சாதாரண நாளா, பேரழிவா என்று தெரியாது. இன்னொன்று: பெரிய வெள்ளம் போனபின் ஆற்றுப்படுகை மாறிவிடும். பழைய மட்டம்–ஓட்டம் அட்டவணையை வைத்துக்கொண்டு மட்டத்திலிருந்து ஓட்டம் கணக்கிட்டால் பொய் சொல்லும். அதனால் மட்டத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே கேளுங்கள். ஓட்டத்தைக் கடைசியாக நேரில் அளந்த தேதியையும்.

நேரம்: நேபாளம் 5 மணி 45 நிமிடம், இந்தியா 5.30, வங்கதேசம் 6, சீனா 8. “காலை 6 மணி நிலவரம்” யாருடைய காலை? இதற்காகவே பொது எச்சரிக்கை நெறிமுறை, அதாவது சிஏபி வடிவம், இருக்கிறது. நேரத்தோடு +05:45 என்று சேர்த்தே எழுத வேண்டும். உலகப் பொது நேரத்துக்குப் பின்னால் ‘இசட்’ போடுவது மற்ற இடங்களில் வழக்கம். இதில் செல்லாது, -00:00 என்றுதான் எழுத வேண்டும். பலரது மென்பொருள் முதல் நாளே இதில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கரைமேடு
செப்டம்பர் 7, காலை 7.15

54 சென்டிமீட்டர் ஏறி இறங்குவதற்குப் பாலத்தின் நடுவில் படி வைத்திருக்கலாம், எல்லைச் சோதனைக்கும் வசதி.

சரி, ஆற்றுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆறு இல்லாத நாடுகளுக்கு?

சரக்குக்கணக்கு
செப்டம்பர் 9, மாலை 6.30

ஆறு இல்லாவிட்டால் என்ன, சரக்கு வருகிறதல்லவா? 2011-இல் தாய்லாந்தில் அயுத்தயா, பதும்தானி பக்கம் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. உலக ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்த நாட்டில். உலகெங்கும் விலை ஏறியது. கவனிக்க வேண்டியது வேறு: நனையாத ஆலைகளும் உற்பத்தியைக் குறைத்தன. தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார் செய்தவர்கள் நனைந்துவிட்டார்கள். உங்களுக்கு விற்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு விற்பவர் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறார் என்று எத்தனை பேர் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள்?

தானியத்தில் கதை இன்னும் மோசம். அங்கே வானிலையைவிட அண்டை நாட்டின் பயம் வேகமாக வரும். 2010-இல் வெப்ப அலையும் வறட்சியும் வந்ததும் ரஷ்யா ஆகஸ்ட் 15 முதல் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. 2024 செப்டம்பரில்தான் நீக்கினார்கள். ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நடவடிக்கையே அடுத்த நாட்டுக்கு இடர். ஒரு கரையை உயர்த்தினால் எதிர்க்கரை நனைவது மாதிரி.

விதி என்ன சொல்கிறது? காட் என்ற உலக வர்த்தக உடன்பாட்டின் 11-ஆம் பிரிவு, கடும் பற்றாக்குறைக்குத் தற்காலிகத் தடையை அனுமதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் 12-ஆம் பிரிவு, இறக்குமதி செய்பவரின் உணவுப் பாதுகாப்பையும் எண்ணிப் பார், முன்கூட்டி அறிவி என்கிறது, பல்லில்லாத பிரிவு. 2022 ஜூனில் ஒன்று மட்டும் உறுதியானது: உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்கு வாங்கும் தானியத்துக்குத் தடை பொருந்தாது.

ரைனையும் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் ஜெர்மனியில் காவுப் என்ற இடத்தில் வெறும் 25 சென்டிமீட்டர் தண்ணீர்தான் ஓடியது. பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்துக்கு மட்டும் அந்த ஆண்டு தாழ்நீரால் போனது சுமார் 25 கோடி யூரோ.

மட்டக்கோல்
செப்டம்பர் 9, இரவு 9.02

25 சென்டிமீட்டர் தண்ணீரில் வாத்துகூட நடந்துதான் போகும்! அது ஆழம் அல்ல, அளவுகோலின் வாசிப்பு. காவுப்பில் கோல் 78 காட்டும்போது கப்பல் வழியின் ஆழம் 1.90 மீட்டர். அதாவது வாசிப்போடு 112 கூட்ட வேண்டும். 25 என்றால் 1.37 மீட்டர் அளவுக்கு ஆழம். கப்பல் ஓடும், கால் பங்கு சரக்கோடோ அதற்கும் குறைவாகவோ. செப்டம்பர் 6 இரவு நான் அலறியது இதற்குத்தான்.

சரக்குக்கணக்கு
செப்டம்பர் 10, காலை 9.45

ஒப்புக்கொள்கிறேன். எண்ணோடு அதன் பூஜ்யத்தையும் எழுதாத பாவம்.

ஆனால் வணிகத்தில் அந்த வாசிப்பே போதும். படகுக்காரர்களின் ஒப்பந்தத்தில் தாழ்நீர்க் கூடுதல் கட்டணம் அந்தக் கோலின் எண்ணை வைத்துத்தான் ஏறும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் ஏற்றிச் செல்ல வேண்டிய கடமையே விலகிவிடும். அந்த எல்லை எது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பார்த்தவர் பிழைப்பார். பிஏஎஸ்எஃப் அதன்பிறகு தாழ்நீருக்கென்றே அகலமான கப்பல் கட்டவைத்தது, 2023-இல் வந்தது, கோல் 30 காட்டும்போதும் 800 டன் ஏற்றும்.

பனாமா கால்வாயும் இதே கணக்கு, வேறு நீர். ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023 வறட்சியில் நாளுக்கு 36 கப்பல் என்றிருந்தது படிப்படியாக 22 வரை இறங்கியது. கப்பல் நீரில் அமிழ அனுமதித்த ஆழமும் 50 அடியிலிருந்து 44 ஆனது. முன்பதிவு இல்லாதவர்கள் ஏலத்தில் இடம் வாங்கினார்கள். நவம்பரில் ஒரு இடம் 40 லட்சம் டாலரைத் தொட்டது. அந்த வறட்சிக்கும் அந்தச் சரக்கு போய்ச் சேரும் நாட்டின் வானிலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இறக்குமதிக்கு நான் கேட்கும் நாலு எண்: ஒரே நாட்டிலிருந்து வருவது எத்தனை சதவீதம், கையிருப்பு எத்தனை நாளுக்கு, மாற்று வழிக்கு எத்தனை நாள், மாற்று விற்பனையாளர் அதே எல் நினோவில் (பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் மழை குறையும் நிலை) காய்பவரா. நாலாவதை யாரும் கேட்பதில்லை. இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் என்று மூன்று நாடுகளிடம் பிரித்து வாங்குகிறோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். எல் நினோ ஆண்டில் மூன்றும் ஒரே குடைக்குள் வெயிலில் நிற்கும்.

கரைமேடு
செப்டம்பர் 10, பகல் 1.30

குடைக்குள் எப்படி வெயில்?

சரக்குக்கணக்கு
செப்டம்பர் 10, பகல் 1.34

ஓட்டைக் குடை.

மட்டக்கோல்
செப்டம்பர் 14, மாலை 4.10

முதல் பதிவில் கரைமேடு சொன்ன “மதகைத் திறந்தால்” என்பதற்குப் பதிலே சொல்லாமல் விட்டுவிட்டோம். மேலே இருப்பவன் திறந்துவிட்டான் என்பது எல்லா நாட்டிலும் வெள்ளத்தின் மறுநாள் தலைப்புச் செய்தி. மிகச் சில நேரம் உண்மை.

2008 ஆகஸ்ட் 18, நேபாளத்திலிருந்து பிஹாருக்கு வரும் கோசி ஆறு. கரை உடைந்த குசஹா நேபாளத்துக்குள் இருக்கிறது, கதவணைக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மேலே. அன்றைய ஓட்டம் சுமார் 1.44 லட்சம் கன அடி. அந்த அமைப்பு வடிவமைக்கப்பட்டது 9.5 லட்சத்துக்கு. ஆறில் ஒரு பங்குகூட வராத தண்ணீரில் உடைந்தது. பிஹாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 1954 ஒப்பந்தப்படி கரையைப் பராமரிக்க வேண்டியது இந்தியா. கரை நிற்கும் மண் நேபாளம். வேலையாட்கள், கல், லாரி எல்லாம் எல்லை தாண்டிப் போக வேண்டும். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கற்கட்டு அரித்துக்கொண்டிருக்கும்போது அனுமதிக்குக் காத்திருக்க முடியாது. எழுதிவைக்க வேண்டியது: அவசரப் பழுதுக்கு யார் உத்தரவு, கல் முன்கூட்டியே எந்தக் கிலோமீட்டரில் குவிக்கப்பட்டிருக்கிறது, ஆட்கள் நுழைய நிரந்தர அனுமதி உண்டா.

2024 செப்டம்பர் இறுதியில் அதே கதவணையில் 6.61 லட்சம் கன அடி வந்தது. 1968-க்குப் பிறகு அதிகம் அதுதான். ஆக, 9.5 என்ற எண்ணைப் பார்த்துத் தூங்குவதற்கில்லை, 1.44 என்ற எண்ணை நினைத்துக் கரையைப் பார்க்க வேண்டும்.

மட்டக்கோல்
செப்டம்பர் 15, காலை 6.50

இரவில் யோசித்ததில் ஒரு திருத்தம். “மழைத் தகவல் இருந்தால் சமாளிக்கலாம்” என்கிற தொனி என் முதல் பதிவில் இருக்கிறது. மலையில் அது செல்லாது.

2025 ஜூலை 8, ரசுவாகதி. திபெத் பக்கமிருந்து வந்த வெள்ளம் நேபாள–சீன எல்லையின் நட்புறவுப் பாலத்தையே கொண்டுபோனது. பனியாற்றின் மேற்பரப்பில் தேங்கிய குளம் வடிந்ததுதான் காரணம் என்று இமயமலைப் பகுதியை ஆராயும் இசிமோட் மையத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். இப்படிப்பட்ட குளங்கள் சில மாதங்களில் தோன்றி மறையும். ஆபத்தான ஏரிகளின் பட்டியலில் ஏற நேரமே இருக்காது. பட்டியலில் இருப்பவையும் பாதிக்கு மேல் எல்லைக்கு அப்பால்தான்: 2020 கணக்கெடுப்பில் கோசி, கண்டகி, கர்ணாலி படுகைகளில் ஆபத்தானவை 47; அதில் 25 திபெத்தில், 21 நேபாளத்தில், 1 இந்தியாவில்.

இங்கே செய்ய முடிந்தது கருவி வைப்பது. பாலத்தின் அடியில் ரேடார் மட்டமானி. அதற்கு மேலே, கரையில் வெவ்வேறு உயரத்தில் இரண்டு மூன்று கம்பி உணரிகள். தனித்தனி பேட்டரி, தனித்தனி தகவல் வழி. ஒரு உணரி மட்டும் கத்தினால் கல் உருண்டிருக்கலாம், மாடு இடித்திருக்கலாம். இரண்டு கத்தினால் சைரன். பெரும்பாலான இடங்களில் மறந்துபோவது ஒன்று: பாலமே போய்விட்டால் மட்டமானி “அதிகம்” என்று சொல்லாது, மௌனமாகிவிடும். மென்பொருள் அதைப் பழுது என்று குறித்துக்கொண்டு காலைவரை காத்திருக்கும். தகவல் திடீரென நின்றால் அதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். பொய் எச்சரிக்கை கூடும்தான். கூடட்டும்.

கரைமேடு
செப்டம்பர் 15, இரவு 8.20

கருவியை எல்லைக்கு அந்தப் பக்கம் வைக்க விடுவார்களா? விடாவிட்டால் எல்லையோரத்து ஊருக்குக் கிடைப்பது எத்தனை நிமிடம்?

மட்டக்கோல்
செப்டம்பர் 15, இரவு 8.41

சில நிமிடங்கள்தான். அந்த ஊருக்குச் சைரனைவிட வீடு கட்டும் உயரம் முக்கியம். கீழே 30, 40 கிலோமீட்டரில் இருப்பவர்களுக்குத்தான் சைரன் பயன்.

தகவல் வழி பற்றியும் ஒன்று. சிந்து நதி ஒப்பந்தம் 1960-இலிருந்து போர்களைத் தாண்டி ஓடியது. 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் தாவி நதியில் வெள்ளம் வந்தபோது எச்சரிக்கை போகத்தான் செய்தது, ஆனால் ஒப்பந்தப்படி இரு நாட்டிலும் இருக்கும் சிந்து ஆணையர்கள் வழியாக அல்ல, இஸ்லாமாபாத் தூதரகம் வழியாக. போனது நல்லது. ஆனால் தூதரக வழி என்றால் நீர்த்துறை, வெளியுறவு, தூதரகம், அந்தப் பக்க வெளியுறவு, அந்தப் பக்கப் பேரிடர்த் துறை, மாவட்டம் என்று ஆறு மேசை. மேசைக்கு அரைமணி வைத்தாலும் மூன்று மணி. பெரிய ஆற்றுக்குத் தாங்கும், மலை ஓடைக்குத் தாங்காது.

பாலிசிப்பக்கம்
செப்டம்பர் 21, காலை 10.00

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பல நாடுகள் சேர்ந்து காப்பீடு எடுப்பதும் எல்லை தாண்டிய மேலாண்மைதான். கரீபியன் நாடுகளின் சிசிஆர்ஐஎஃப் நிதியம் 2007-இலிருந்து இருக்கிறது. ஒரே புயல் எல்லாத் தீவையும் அடிக்காது என்பதால் சேர்ந்து எடுத்தால் பிரீமியம் குறைவு. சேதத்தை எண்ணாமல் காற்று, மழை அளவை வைத்துக் கொடுப்பதால் 14 நாளில் பணம்.

எங்கே சறுக்கும் என்றால், அளவையும் சேதத்தையும் கட்டும் கணக்கில். மலாவி 2016 வறட்சி: 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது, ஆப்பிரிக்க இடர் நிதியத்தின் கணினி மாதிரி “பணம் கொடுக்கும் அளவுக்கு இல்லை” என்றது. தோண்டிப் பார்த்தால், நீண்ட நாள் மக்காச்சோள ரகம் என்று மாதிரியில் போட்டிருந்தார்கள். விவசாயிகள் 90 நாள் ரகத்துக்கு மாறிப் பல காலம். குறுகிய ரகம் பூக்கும் வாரத்தில் மழை இல்லை, நீண்ட ரகத்துக்கோ மொத்த மழை போதும் என்று கணக்கு. திருத்தியபின் 81 லட்சம் டாலர் வந்தது, மாதங்கள் கழித்து. ஆண்டுதோறும் கேட்க வேண்டிய கேள்வி பிரீமியம் எவ்வளவு என்பதல்ல, வயலில் இப்போது என்ன விதை என்பது.

ஜமைக்காவின் 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரமும் (புயல் குறித்த அளவை எட்டினால் முதலீட்டாளர் பணம் நாட்டுக்குப் போகும்) அப்படியே. 2024 ஜூலையில் பெரில் புயல் தென்கரையை உரசிக்கொண்டு போனது. காற்றழுத்தம் ஒப்பந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு காசு வரவில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பத்திரம் ஏமாற்று வேலை.

சரக்குக்கணக்கு
செப்டம்பர் 21, காலை 11.12

ஏமாற்று என்று சொல்வது அதிகம். அடுக்கு அடுக்காக வாங்க வேண்டியது அது. சின்ன அடிக்குக் கையிருப்பு, நடு அடிக்கு நிதியம், பெரும் அடிக்குப் பத்திரம். பெரும் அடியின் பத்திரத்தை நடு அடிக்குத் திறக்கவில்லை என்று திட்டக்கூடாது.

பாலிசிப்பக்கம்
நவம்பர் 23, இரவு 7.30

செப்டம்பர் 21 பதிவின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அக்டோபர் 28-இல் மெலிஸா புயல் ஜமைக்காவில் கரை கடந்தது, நடு அழுத்தம் 892 மில்லிபார். பத்திரம் முழுதாகத் திறந்து 15 கோடியும் கிடைக்கும் என்று உலக வங்கி அறிவித்துவிட்டது. மலாவி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

கரைமேடு
நவம்பர் 29, காலை 9.10

என் கட்சியைக் கைவிட்டாயிற்று. அந்த ஒரு வரிக்குப் பதிலாக எழுதியதில் ஆற்றுப் பகுதி இது: “எல்லை நிலையத்தின் மட்டமும் ஓட்டமும், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து மீட்டரிலும் கன மீட்டரிலும், 3 மணிக்கு ஒருமுறை, எச்சரிக்கை மட்டம் தாண்டினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. இரு பக்கப் பணிமேசைகளுக்கு இடையே நேரடியாக. தூதரகத்துக்கு நகல் மட்டும். 2 மணி நேரம் தகவல் இல்லையென்றால் எச்சரிக்கை நிலை தானாக ஒரு படி ஏறும். ஆண்டுக்கு இருமுறை, ஒன்று இரவில், முன்னறிவிப்பின்றிச் சோதனை அழைப்பு.” சிஏபி வடிவில் ஒரு மாதிரிச் செய்தியும் செய்து உங்கள் இருவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மட்டக்கோல்
நவம்பர் 29, பகல் 12.25

இரண்டு திருத்தம். 2 மணி நேரம் சமவெளிக்குச் சரி, மலை நிலையத்துக்கு 10 நிமிடம் என்று தனியாக எழுதுங்கள். தூதரகத்துக்கு நகல் “அதே நேரத்தில்” என்று சேருங்கள். இல்லாவிட்டால் முதலில் அங்கே அனுப்பி ஒப்புதல் வாங்கச் சொல்வார்கள்.

மாதிரிச் செய்தியைத் திறந்தேன். எச்சரிக்கைப் பகுதியின் எல்லையைக் காட்டும் பலகோணத்தை வரைபட மென்பொருளிலிருந்து அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். அங்கே தீர்க்கரேகை முதலில். சிஏபியில் அட்சரேகை முதலில். 27.9, 85.3 என்று வர வேண்டியது 85.3, 27.9 ஆகிவிட்டது. வட துருவத்துக்குப் பக்கத்தில், உறைந்த கடலின் மேல் வெள்ள எச்சரிக்கை விட்டிருக்கிறீர்கள்.

கரைமேடு
நவம்பர் 29, பகல் 12.40

வெள்ளைக் கரடிகள் மேட்டுக்குப் போயிருக்கும். மாற்றிவிட்டேன், இப்போது ஆற்றின் மேல் விழுகிறது. ஆனால் சரிபார்ப்பி இன்னும் சிவப்பு காட்டுகிறதே?

மட்டக்கோல்
நவம்பர் 29, பகல் 12.43

கடைசிப் புள்ளி முதல் புள்ளியாகவே இருக்க வேண்டும், பலகோணம் மூடவில்லை. நேரத்திலும் ‘இசட்’ இருக்கிறது.